எதிர்த்திசையில் ஒரு செய்தி



நரம்புச் செய்தி ஒரே திசையில்தான் செல்லும் என்றே நாம் வகுப்பறைகளில் கற்பித்து வந்துள்ளோம். அனுப்பும் நரம்பணு கடத்தியைச் சுரக்கும். அது சினாப்சு என்னும் நுண்ணிடைவெளியைக் கடந்து மறுகரை நரம்பணுவைத் தூண்டும். இது பிழையன்று, ஆயினும் பாதியே.

பெறும் நரம்பணு மிகையாகத் தூண்டப்படும்போது அதனுள் கால்சியம் பெருகுகிறது. உடனே அது தன் சவ்வின் கொழுப்பிலிருந்தே ஒரு மூலக்கூற்றை ஆக்குகிறது. ஏனைய கடத்திகளைப் போல் இது பைகளில் சேமித்து வைக்கப்படுவதில்லை. வேண்டும்போது மட்டுமே பிறக்கிறது. பிறந்தது பின்னோக்கிச் சென்று, அனுப்பும் நரம்பணுவின் சிபி1 ஏற்பியில் பொருந்திக் கால்சிய வாயில்களை அடக்குகிறது. கடத்தி சுரப்பது குறைகிறது. பின்னர் நொதிகள் அம்மூலக்கூற்றைச் சிதைக்க, பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் பழைய நிலை மீள்கிறது. கேட்பவர், சொல்பவரைக் கையமர்த்துவது போன்றது இது. 2001ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக்குழுக்கள் இதனைத் தனித்தனியே நிறுவின.

இக்குடும்பத்தின் முதல் மூலக்கூறு 1992இல் செருசலேமில் இனங்காணப்பட்டது. கண்டவர்கள் ‘ஆனந்த’ என்னும் வடசொல்லைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். ஆகவே அதனை ‘ஆனந்தமைடு’ என்றே நாம் எழுதலாம். ஆங்கில ஒலிப்பில் ‘அனாண்டமைடு’ எனத் திரிக்க வேண்டியதில்லை.

கஞ்சாவிலுள்ள டிஎச்சி பற்றுவதும் இதே ஏற்பியைத்தான். ஆனால் அது ஓரிணைப்புக்குரிய நொடிநேரக் கையமர்த்தல் அன்று. மூளையெங்கும் பரவி மணிக்கணக்கில் நீடிப்பது. எவ்விணைப்பு மிகையாகப் பேசியது, எது பேசவில்லை என்னும் வேறுபாட்டை அது அறியாது. நினைவைப் பதிக்கும் கடற்குதிரை மடலில் அவ்வேற்பிகள் செறிந்துள்ளமையால், சற்றுமுன் கற்றதும் பதியாமற் போகிறது.