கதைமாந்தரை முழுமையாகக் காணுதல்



ஒரு நாவலைப் படித்து முடித்த மாணவரிடம் அதிலுள்ள மாந்தரைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்று கிடைக்கும். "அவன் நல்லவன், இவன் கெட்டவன்" என்பது ஒன்று. "அவனை எனக்குப் பிடித்தது, இவனைப் பிடிக்கவில்லை" என்பது மற்றொன்று. இரண்டையும் நான் குறை கூறமாட்டேன். எந்தப் படிப்பும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கலாம். நாவல் தரக்கூடிய பெரும்பயன் கிடைக்காது. அந்தப் பயன் யாது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

ஈ. எம். ஃபார்ஸ்டர் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் பெயரை உங்களுள் சிலர் கேட்டிருப்பீர்கள். இந்தியாவைக் களமாகக் கொண்டு 1924ஆம் ஆண்டில் நாவல் ஒன்றை வெளியிட்டவர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி.பி.சி. வானொலி வாயிலாக நம் நாட்டு நேயர்களுக்கு நூல்களைப் பற்றிப் பேசியவரும் அவரே. அவர் 1927ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் நாவல் என்னும் கலையைப் பற்றிச் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றில் கதைமாந்தரை இருவகையாகப் பிரித்தார். நம் திறனாய்வாளர்கள் அவ்விரு வகையினரையும் ஒருநிலை மாந்தர், முழுநிலை மாந்தர் என்று தமிழில் வழங்குவர்.

ஒருநிலை மாந்தர் ஒரே குணத்தால் ஆனவர். கஞ்சன் என்றால் எப்போதும் கஞ்சன். கோபக்காரர் என்றால் வாயைத் திறந்தாலே கோபம். அவரை ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம். முழுநிலை மாந்தரோ அப்படிச் சொல்லி முடிக்க முடியாதவர். அவர் நம்மை வியக்க வைப்பார். ஆனால் அந்த வியப்பு நம்பத் தகுந்ததாக இருக்கும். "இவர் இப்படிச் செய்வார் என்று நான் எண்ணவில்லையே" என்று முதலில் தோன்றும். சற்று எண்ணிப் பார்த்தால், "ஆம், இவர் இப்படித்தான் செய்திருப்பார்" என்று மனம் ஒப்பும். இந்த இரண்டு எண்ணங்களையும் ஒருங்கே எழுப்புபவரே முழுநிலை மாந்தர்.

இனி, ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். கதையிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் எப்போதுமே ஒருநிலை மாந்தராகவே நிறுத்தப்பட்டவர் யார்? செல்வர் சில கதைகளில் கொடியவர். சில கதைகளில் வள்ளல். ஆசிரியர்கூடச் சில கதைகளில் கோமாளி, சில கதைகளில் சான்றோர். ஆனால் ஆணாகப் பிறந்தும் தம்மைப் பெண்ணாக உணர்பவர், ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் ஆகியோர் நெடுங்காலமாகச் சிரிப்புக்கோ இரக்கத்துக்கோ மட்டுமே மேடை ஏறினர். ஒரு நடை, ஒரு குரல், ஒரு கைத்தட்டல். அவ்வளவில் அந்தப் பாத்திரம் முடிந்துவிடும். அவருக்குத் தாய் உண்டா, தொழில் உண்டா, இரவில் அவரை உறங்கவிடாத கவலை யாது என்று கதை கேட்டதில்லை.

நம் பழைய நூல்கள் இவ்வளவு குறுகிய பார்வை உடையன அல்ல. பாரதத்தில் விராட நகரப் பகுதியை நீங்கள் அறிவீர்கள். அர்ச்சுனன் பிருகன்னளை என்னும் பெயரோடு பேடியாக வாழ்ந்து, இளவரசி உத்தரைக்கு ஆடல் கற்பிக்கிறான். பகைவர் பசுக்களைக் கவர்ந்தபோது, இளவரசன் உத்தரன் அந்தப்புரப் பெண்டிர் நடுவில் வீரம் பேசிவிட்டுப் போர்க்களம் செல்கிறான். தேரோட்டி பிருகன்னளை. கடல் போன்ற சேனையைக் கண்டதும் உத்தரன் தேரை விட்டுக் குதித்து ஓடுகிறான். பின்னல் அசைய, ஆடை பறக்க, பிருகன்னளை அவனைத் துரத்திப் பிடிக்கிறாள். அதைக் கண்ட கௌரவப் படைவீரர் சிலர் சிரிக்கின்றனர்.

இந்தப் பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம் என் வகுப்பிலும் சிரிப்பு எழுந்தது உண்டு. அப்போது நான் மாணவரை ஒன்று கேட்பேன்: "இங்கே சிரிப்பவர் யார்? கவியா, கௌரவ வீரரா?" வகுப்பு அமைதியாகும். சிரித்த வீரர் தாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை அறியார். கோலத்தைக் கண்டனர், ஆளைக் காணவில்லை. சிறிது பொழுதில் அந்த ஆளே அவர்களை வென்றுவிடுகிறான். கவி நகைப்பதெல்லாம் உத்தரனின் வெற்றுப் பேச்சைத்தான். மாற்றுக்கோலம் பூண்ட அர்ச்சுனனை இக்காலத் திருநங்கையரோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது என்பது உண்மையே. ஆயினும் ஆளை அறியாமல் கோலத்தைக் கண்டு சிரிப்பது எத்தகைய அறியாமை என்பதை அந்தக் காட்சி நன்கு காட்டுகிறது.

தொல்காப்பியத்தையும் இங்கே நினைவு கூர்தல் தகும். ஆண்மை திரிந்து பெண்மை சுட்டும் பெயர்கள் எந்த ஈற்றைப் பெறும் என்று சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியர் ஆராய்கிறார். அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்கிறார். உயர்திணைக்குரிய ஈறுகளையே பெறும் என்று விதிக்கிறார். அதே நூற்பாவில் தெய்வப் பெயர்களுக்கும் அவ்விதியையே கூறுகிறார். இலக்கணம் அவர்களை உயர்திணையில் வைத்தது. நம் தெருப்பேச்சுத்தான் அவர்களை "அது" என்று அஃறிணைக்குத் தள்ளியது. இது இலக்கணப் பிழையும் ஆகும், பண்புப் பிழையும் ஆகும்.

மீண்டும் ஃபார்ஸ்டரிடம் வருவோம். 1924ஆம் ஆண்டு நாவலுக்குப் பிறகு அவர் நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயினும் தம் வாழ்நாளில் வேறு நாவல் எதையும் அவர் வெளியிடவில்லை. ஆனால் எழுதி முடித்த நாவல் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் பெயர் 'மாரிஸ்'. 1913ஆம் ஆண்டில் எட்வர்டு கார்ப்பெண்டர் என்னும் எழுத்தாளரின் இல்லத்துக்குச் சென்றபோது அதற்கான கரு அவர் மனத்தில் தோன்றிற்று. 1914இல் எழுதி முடித்தார். நண்பர் சிலரிடம் மட்டும் காட்டினார். அது நூலாக வந்ததோ 1971ஆம் ஆண்டில். அதாவது அவர் மறைந்த மறு ஆண்டில்.

ஏன் இந்த மறைவு? மாரிஸ் என்னும் இளைஞன் மற்றோர் ஆடவனை விரும்புகிறான். ஃபார்ஸ்டரும் அத்தகையவரே. அக்காலத்து இங்கிலாந்தில் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1895இல் ஆஸ்கார் ஒயில்டு என்னும் புகழ்மிக்க நாடகாசிரியருக்கு இரண்டு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அப்போது ஃபார்ஸ்டருக்கு வயது பதினாறு. இங்கிலாந்தில் அந்தச் சட்டம் 1967ஆம் ஆண்டில்தான் தளர்த்தப்பட்டது. ஆங்கிலேயர் 1860ஆம் ஆண்டில் நமக்கு இயற்றித் தந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் இவ்வகையதாகவே இருந்தது. மனம் ஒப்பிய வயது வந்தோர்க்கு அது பொருந்தாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்தது.

இனி நாவலுக்குள் நுழைவோம். மாரிஸ் எத்தகையவன்? பெரிய அறிவாளியோ கவிஞனோ அல்லன். தந்தை படித்த பள்ளியிலேயே படித்து, தந்தை பார்த்த பங்குத் தரகு வேலையையே பார்க்கும் சாதாரண இளைஞன். தங்கையரிடம் கடுமையாக நடப்பவன்; ஏழைகளைத் தாழ்வாக எண்ணும் பழக்கமும் உடையவன். தன் அன்பு தாங்க முடியாத சுமையானபோது குடும்ப மருத்துவரிடம் செல்கிறான். அவர் அதைக் காதில் வாங்கவே மறுக்கிறார். மனத்தை மயக்கி மாற்றுவதாகக் கூறும் மற்றொருவரிடம் செல்கிறான். அதுவும் பயன் தரவில்லை.

ஃபார்ஸ்டர் விரும்பியிருந்தால் மாரிஸைக் குற்றமே இல்லாத உத்தமனாகப் படைத்திருக்கலாம். வாசகரின் இரக்கத்தைப் பெற அது எளிய வழி. ஆனால் அவர் அவ்வழியிற் செல்லவில்லை. கேலிப் பொம்மை எப்படி ஒருநிலைப் பாத்திரமோ, அப்படியே தெய்வப் பொம்மையும் ஒருநிலைப் பாத்திரந்தான். மாரிஸின் காதல் அவன் இயல்பில் ஒரு பகுதி. செருக்கு மற்றொரு பகுதி. துணிவு, நாம் எதிர்பாராத இன்னொரு பகுதி. அலெக் என்னும் வேட்டைக்காட்டுக் காவலாளி அவன் வாழ்வில் வரும்போது, இருவரும் முதலில் ஒருவரையொருவர் நம்புவதில்லை. அலெக் மிரட்டவும் செய்கிறான். பின்னர், அர்ஜென்டினாவுக்குப் புறப்பட வேண்டிய கப்பலில் அலெக் ஏறவில்லை. மாரிஸும் தன் வேலை, வீடு, மதிப்பு யாவற்றையும் துறக்கிறான். தாழ்ந்தவர் என்று சிலரை எண்ணிய அவனா இப்படிச் செய்தான்? ஆம், அவன்தான். இதுவே நம்பத் தகுந்த வியப்பு.

கிளைவ் என்னும் மற்றொரு பாத்திரத்தை இன்னும் கூர்ந்து நோக்குங்கள். மாரிஸுக்கு முதலில் அன்பை உரைத்தவன் கிளைவ்தான். பிறகு அவன் மாறுகிறான், திருமணம் செய்துகொள்கிறான், ஊர்ப் பெரியவனாகிறான், பழைய அன்பைப் பேசவும் கூசுகிறான். அவன் வஞ்சகனா, அச்சம் கொண்டவனா, உண்மையிலேயே மனம் மாறியவனா? நாவலாசிரியர் ஒரே விடையை நமக்குத் தரவில்லை. "கெட்டவன்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போக முடியாத இடம் இது. இங்கேதான் படிப்பு தொடங்குகிறது.

மேலும் ஒன்று. இக்கதைக்கு மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்பதில் ஃபார்ஸ்டர் உறுதியாக இருந்தார். 1960ஆம் ஆண்டில் எழுதிய பின்குறிப்பில், கதை தற்கொலையில் முடிந்திருந்தால் வெளியிடுவதில் இடர் இராது என்னும் கருத்தை வருத்தத்தோடு குறித்தார். இதை மாணவர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டும். அத்தகைய மனிதர் அழுது மடிந்தால் உலகம் ஏற்கும். வாழ்ந்து காட்டினால் ஏற்காது. எனவே ஒரு கதை துயரத்தில் முடியும்போது, அந்தத் துயரம் பாத்திரத்தின் இயல்பிலிருந்து விளைந்ததா, ஊரின் கட்டளையால் விதிக்கப்பட்டதா என்று நாம் கேட்கவேண்டும்.

தமிழிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. கி. ராஜநாராயணன் 'கோமதி' என்னும் சிறுகதையில், பெண்மை விரும்பும் ஒரு சமையற்காரரின் ஆசையையும் கலையையும் எழுதினார். சு. சமுத்திரம் 'வாடாமல்லி' என்னும் நாவலில், பொறியியல் படிக்க வந்த சுயம்பு என்னும் கிராமத்து மாணவர் திருநங்கையாக மாறும் வாழ்க்கையை எழுதினார். அவை பரிவோடு அருகில் வந்து பார்த்தவர் எழுதியவை. பின்னர் லிவிங் ஸ்மைல் வித்யா போன்றோர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினர். அருகிலிருந்து பார்த்தவர் காணாத சிறு சிறு செய்திகள் உள்ளிருந்து எழுதுபவர்க்குப் புலனாகும். இருவகை நூல்களையும் அடுத்தடுத்துப் படித்து ஒப்பிடுங்கள். அது நல்லதொரு பயிற்சி.

இத்தகைய நூலை எடுக்கும்போது நான்கு கேள்விகளை உங்கள் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பாத்திரம் எதை விரும்புகிறது? எதற்கு அஞ்சுகிறது? தன் பாலியல்பையும் காதலையும் தவிர இதற்கு வேறு வாழ்வு உண்டா? எந்த இடத்தில் இது என்னை வியக்க வைத்தது? நான்கிற்கும் விடை கிடைத்தால், எழுதியவர் ஒரு மனிதரைப் படைத்திருக்கிறார். ஒன்றுக்கும் விடை இல்லையென்றால், அவர் கோலத்தை மட்டுமே தீட்டியிருக்கிறார். பாத்திரத்தை விரும்பவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. அறிந்த பிறகு விரும்பாமல் இருக்கலாம். அறியாமல் சிரிப்பதுதான் கூடாது.

இலக்கியச் சுவைக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஆசிரியப் பணியில் நெடுங்காலம் கழித்த எனக்கு வகுப்பறையின் ஓசைகள் பழக்கமானவை. நாற்பது பேர் ஒரு பாத்திரத்தின் நடையைக் கண்டு சிரிக்கும்போது, ஒருவர் மட்டும் சிரிக்காமல் புத்தகத்தை நோக்கிக் குனிந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த மாணவர் யார், அவர் மனத்தில் உள்ளது யாது என்று நாம் கேட்கவேண்டியதில்லை. அவராக விரும்பினாலன்றி அவர் சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும், "உனக்கு இங்கே இடம் இல்லை" என்று அவர் காதில் விழுகிறது. சிலர் பள்ளியை விட்டே சென்றுவிடுகின்றனர். அதே வகுப்பில், அதே பாத்திரத்தை ஒரு முழு மனிதராக எண்ணி ஒரு மாணவர் கேள்வி கேட்டால் போதும். அந்தக் குனிந்த தலை நிமிரும்.

'மாரிஸ்' நாவலைத் தம் காலத்தைவிட மகிழ்ச்சி மிக்க வேறோர் ஆண்டுக்கு ஃபார்ஸ்டர் காணிக்கையாக்கினார். எந்த மனிதருக்கும் அன்று. இன்னும் வராத ஓர் ஆண்டுக்கு. சட்டங்கள் மாறியதால் மட்டும் அந்த ஆண்டு வந்துவிடாது. படிப்பவர் மனமும் மாறவேண்டும். அடுத்த முறை நூலகத்துக்குச் செல்லும்போது இத்தகைய நூல் ஒன்றைக் கையில் எடுங்கள், பொறுமையாகப் படியுங்கள், படித்ததை நண்பரோடு பேசுங்கள். பேசும்போது "அவர்" என்று உயர்திணையில் பேசுங்கள்.