கிருமியைக் கொடுத்தவங்களுக்கு மருந்தில் பங்கு உண்டா?

(கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னிக்கு கடன், வசூல் பற்றிப் பேசப் போறதில்லை. இந்தோனேசியாவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். 2005-லிருந்து அங்கே பறவைக் காய்ச்சல் மனுஷங்களுக்கும் வந்து பலர் இறந்துபோனாங்க. இப்படி நோய் வந்தால், நோயாளியிடம் எடுத்த கிருமி மாதிரியை உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவது வழக்கம். தடுப்பூசி செய்ய அந்த மாதிரி வேணும். இந்தோனேசியாவும் காசு வாங்காமல்தான் அனுப்பியது.

பிறகு பார்த்தால், அந்தக் கிருமியை வைத்து ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி தடுப்பூசி தயாரிக்குது! அது வேணும்னா இவங்க விலை கொடுத்து வாங்கணும். பணக்கார நாடுகள் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிட்டால், காசு இருந்தாலும் கிடைக்குமா?

அப்போ அங்கே சுகாதார அமைச்சர் ஒரு பெண், சித்தி ஃபாதிலா சுபாரி. 2007-ல் மாதிரி அனுப்புவதை நிறுத்திவிட்டதாக அறிவிச்சாங்க. பல நாடுகளுக்குக் கோபம். அதிலும் நியாயம் உண்டு. கிருமி மாறுதான்னு கவனிக்காவிட்டால் எல்லாருக்கும்தான் ஆபத்து. ஆனால் வாரா வாரம் சேமிப்பு கட்டுற உறுப்பினருக்கு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் கடன் கிடையாதுன்னு சொன்னா, அடுத்த வாரம் அவங்க கூட்டத்துக்கு வருவாங்களா?

நாலு வருஷம் பேசி, 2011-ல் உலக சுகாதார சபை ஓர் ஏற்பாடு செய்தது. கிருமியைப் பகிர்ந்தால் மருந்திலும் தடுப்பூசியிலும் பங்கு வேணும் என்பது அதில் இருக்கு. ஆனால் அது இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கு மட்டும்.

கொரோனாவுக்கு அது பொருந்தவில்லை. 2021-ல் பணக்கார நாடுகள் மூணாவது ஊசி போட்டப்போ, ஆப்பிரிக்காவில் பல செவிலியர்களுக்கு முதல் ஊசியே கிடைக்கலை. நம்ம நாட்டையும் சொல்லணும். அதே வருஷம் இரண்டாம் அலையில் நம்மவங்களுக்கே ஊசி போதாமல் ஏற்றுமதி நின்றது. புனேயில் தயாரான ஊசியை நம்பியிருந்த ஏழை நாடுகள் தவித்தன.

2025 மே மாதம் ஜெனீவாவில் பெருந்தொற்று ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. 124 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் நடுநிலை. பெருந்தொற்று நேரத்தில், திட்டத்தில் சேரும் கம்பெனிகளோட தயாரிப்பில் 20 சதவீதம் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கணும் என்பது இலக்கு. அதில் பாதியாவது இலவசம், மீதி கட்டுப்படியாகும் விலையில். இருபது போதுமான்னு கேட்பீங்க. எனக்குப் போதாதுன்னுதான் படுது. ஆனா 2020-ல் கொரோனா வந்தப்போ இந்த இருபதும் எழுத்தில் இல்லை.

கிருமி மாதிரியை எப்படிக் கொடுப்பது, பங்கை எப்படி வாங்குவது என்ற விதிகளைத் தனி இணைப்பாகப் பிறகு எழுதலாம்னு அந்த சபை தள்ளி வச்சது. அந்த இணைப்பு நிறைவேறின பிறகுதான் நாடுகள் கையெழுத்தே போட முடியும்னும் அங்கேயே முடிவு பண்ணினாங்க.