ஷேவரா, பிளேடா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஷேவிங் பற்றியெல்லாமா சங்கக் கூட்டத்தில் பேசுவார்கள் என்று பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. "அப்பாவுக்கு எலக்ட்ரிக் ஷேவர் வாங்கலாமா, பழைய ரேசரே போதுமா?" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் குப்பைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான பகுதி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டிரிம்மர் வேறு, ஷேவர் வேறு. டிரிம்மர் தாடியைக் குறைக்கும். மழித்தது போல் ஆகாது, சொரசொரப்பு மிஞ்சும். ஷேவரில் சல்லடை போன்ற மெல்லிய தகடு இருக்கும், அல்லது சுழலும் இரண்டு மூன்று வட்டத் தலைகள் இருக்கும். முடி அந்தத் துளைக்குள் நுழைந்ததும் உள்ளே இருக்கும் பிளேடு வெட்டிவிடும். பிளேடு நேராகத் தோலைத் தொடுவதில்லை. அதன் பலமும் பலவீனமும் இதுதான். காயம் குறைவு, ஆனால் பிளேடு அளவுக்கு ஒட்ட மழிக்காது. இது புதுச் சங்கதியும் இல்லை. ஜில்லெட்டின் இருபக்க பிளேடுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1904-இல். ஜேக்கப் ஷிக் மின்சார ரேசரை விற்கத் தொடங்கியது 1931-இல். வட்டத் தலை ஷேவரை பிலிப்ஸ் 1939-இல் கொண்டுவந்தது.

யாருக்கு எது? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஷேவர்தான். இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ அந்த மாத்திரை எழுதிக்கொடுக்கும்போதே டாக்டர்கள் சொல்லும் அறிவுரை இது. சின்னக் கீறலாக இருந்தாலும் ரத்தம் சட்டென்று நிற்காது. சர்க்கரை இருக்கிறவர்களுக்குப் புண் ஆற நாளாகும். கை நடுங்குகிறவர்களுக்கும், படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்கு வீட்டில் வேறொருவர் மழித்துவிடும்போதும் இதே கதைதான். ரேசரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்தவர் தொண்டைக்குழிப் பக்கம் போகிற பயம் இதில் இல்லை. சுருட்டை முடிக்காரர்களுக்கு ஒட்ட மழித்த முடி திரும்பித் தோலுக்குள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும். அவர்களுக்கும் ஷேவர் நல்லது.

பிளேடு யாருக்கு? நம் குடியிருப்பில் மணலியிலும் எண்ணூரிலும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாயு முகமூடி போட வேண்டிய வேலை என்றால் தாடி அலங்காரச் சமாச்சாரம் இல்லை. முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் முடி இருந்தால் அந்த இடைவெளி வழியாக வாயு உள்ளே வரும். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, ஜனங்கள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் உள்ளே போய் வால்வை மூடுகிறவருக்கு அந்த விளிம்புதான் உயிர். ஷிஃப்டுக்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் மழித்திருக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் பணிப்பாதுகாப்புத் துறை. இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர் காலையில் ஷேவ் செய்தது கணக்கில் வராது. ஷேவரால் நன்றாக மழிய மழித்தாலும் போதும்தான். ஆனால் தாடைக்குக் கீழே, கழுத்து மடிப்பில் அது விட்டுவிடும் முடியை விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். பொறுமை இல்லாதவர்கள் பிளேடே போடுங்கள்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்காத முகத்தில் பிளேடு இழுக்கும். குடிக்கிற தண்ணீரில் அரை மக் எடுத்து நுரை போடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு ஷேவ் செய்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கெட் போய்விடும். 2019-இல் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஷேவருக்குத் தண்ணீர் தேவையில்லை. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்த்த முகத்தில் அது வழுக்காமல் திக்கும். குளிப்பதற்கு முன்னால், ஃபேனுக்கு அடியில், கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் தோல் எரியும், பிறகு பழகிவிடும். வாங்கும்போது மாற்றுத் தலை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கடையில் கேளுங்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் அதை மாற்ற வேண்டி வரும், விலையும் லேசில்லை. பிளேடோ ஷேவரோ, அப்பாவும் பிள்ளையும் ஒன்றையே பயன்படுத்த வேண்டாம்.

இப்போது குப்பை. அமெரிக்காவில் பழைய வீடுகளின் குளியலறை அலமாரியில் சின்னதாக ஒரு வெட்டுத்துளை இருக்கும். தீர்ந்த பிளேடை அதில் போட்டால் சுவருக்குள்ளே விழுந்துவிடும். வீட்டை இடிக்கிறவன் தலைவிதி! நாம் சுவருக்குப் பதில் கறுப்புக் கவரில் போடுகிறோம். அந்தக் கவரைக் காலையில் நம் கேட்டில் பிரித்துக் கையால் தரம் பிரிக்கிறார் தூய்மைப் பணியாளர். அவருக்குத் தப்பினால் கொடுங்கையூர் கிடங்கில் பொறுக்குகிறவர் கையில் ஏறும். கையுறை பிளேடுக்கு நிற்காது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ்-பி கிருமி உடம்புக்கு வெளியே ஒரு வாரம்கூட உயிரோடிருக்கும். பிளேடில் காய்ந்த துளி ரத்தமே அதற்குப் போதும்.

பேப்பரில் சுற்றிப் போட்டால் போதாதா என்று ஒரு மாமி கேட்டார். ஈரக் குப்பையோடு சேர்ந்தால் பேப்பர் அரை மணியில் கிழிந்துவிடும். பிளேடு இருந்த அட்டைப் பெட்டியும் அப்படித்தான். மூடி உள்ள தகர டப்பா ஒன்று எடுத்து, மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, குளியலறை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு அது நிறைய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டி, மேலே "பிளேடு" என்று தமிழில் எழுதி, நேராகக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் ஊசியையும் இதே மாதிரி தனி டப்பாவில் சேர்த்துக் கொடுக்கலாம். கெட்டுப்போன ஷேவரும் டிரிம்மரும் மின்கழிவு. உள்ளே பேட்டரி இருக்கிறது, நசுங்கினால் தீப்பிடிக்கும். அதையும் குப்பைக் கவரில் போடாதீர்கள்.

யாருக்காவது குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். பிழிந்து ரத்தம் எடுக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி இருக்கிறது. ஆட்டோ காசை யார் கொடுப்பது என்று கேட்டில் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம், சங்கத்திலிருந்து கொடுக்கலாம் என்று செயற்குழுவில் பேசி முடித்தாகிவிட்டது.

டப்பா கிடைக்காதவர்களுக்காகப் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி ஒன்று வாட்ச்மேன் அறையை ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டப்படுகிறது. சாவி செயலாளரிடம் இருக்கும். பெட்டி நிறைந்ததும் அவர்தான் திறப்பார், வாட்ச்மேனைத் திறக்கச் சொல்லாதீர்கள்.