தீர்வு உண்டா? எல்லை மதிப்புச் சிக்கலும் வழுவமைதியும்



2003ஆம் ஆண்டு நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கின. 2009இல் அக்கொள்கையைக் கைவிட அரசு முடிவெடுத்தது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது பழைய வினா மீண்டும் எழுந்தது: கணிதத்தைத் தமிழ் தாங்குமா? வாதத்தை விடுத்து, உயர்கணிதப் பொருள் ஒன்றைச் சொல்லியே பார்ப்போம். 'வழுவுடைய பல்புள்ளி எல்லை மதிப்புச் சிக்கலுக்கு நேர்மத் தீர்வு உண்டா?' என்பதே அப்பொருள்.

பந்தலுக்கு வளைத்த மூங்கிலை எண்ணுங்கள். அதன் அடி தரையில் இருக்கிறது; உடல் கீழ்நோக்கிச் சீராக வளைகிறது. வளைவைக் கூறுவது வகைக்கெழுச் சமன்பாடு; முனைகளைப் பற்றிய கட்டளை எல்லை நிபந்தனை. நுனியின் உயரத்தை நடுப்புள்ளியின் உயரத்தோடு பிணைத்தால் மூன்று புள்ளிகள் கட்டுண்கின்றன. அதுவே பல்புள்ளிச் சிக்கலின் எளிய வடிவம். இலின், மொய்சேவ் ஆகியோர் 1987இல் இத்தகைய சிக்கல்களை ஆராய்ந்தனர்.

இரண்டு உயரங்களும் சமமாக வேண்டும் என்றால் தீர்வு உண்டு. மூங்கில் தரைக்கு மேலே நிற்கும். நுனி இரு மடங்கு உயர வேண்டும் என்றால் தீர்வே இல்லை. நேர்கோடுதான் அவ்வாறு உயரும், வளைந்தது உயராது. மும்மடங்கு என்றால் கணக்கில் தீர்வு கிடைக்கும். ஆனால் மூங்கில் முழுவதும் தரைக்குக் கீழே போய்விடும். அது தீர்வுதான், நேர்மத் தீர்வு அன்று. அடர்த்தி, மக்கள்தொகை போன்றவை சுழியத்துக்குக் கீழே இறங்கா. ஆதலால் 'நேர்ம' என்னும் அடைமொழி இன்றியமையாதது.

இனி 'வழு'. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1939இல் வெளியிட்ட விண்மீன் அமைப்பு பற்றிய நூலில் இலேன்–எம்டன் சமன்பாடு விரிவாக ஆளப்படுகிறது. அதில் ஓர் உறுப்பு, மையத்திலிருந்துள்ள தொலைவால் வகுக்கப்படுகிறது. மையத்தில் தொலைவு சுழியம். சமன்பாடு அங்கே பொருளிழக்கிறது. ஆயினும் அங்கே சரிவும் சுழியமாவதால் அவ்வுறுப்பு கட்டுக்குள் நிற்கிறது. தீர்வு குலையாமல் மையத்தைத் தொடுகிறது.

இதற்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு. விதியை மீறுவது வழு. மீறினும் தக்க காரணத்தால் ஏற்கப்படுவது வழுவமைதி. பசுவை உவப்பினால் 'அம்மா வந்தாள்' என்பது திணை வழுவமைதி. எனவே சமன்பாடு பொருளிழக்கும் இடத்தை 'வழுப்புள்ளி' என்று வழங்கலாம் என முன்மொழிகிறோம்.

கலைச்சொல்லில் ஒரு குறை நம்மிடம் உண்டு. தமிழகத்தார் வகைக்கெழுச் சமன்பாடு என்பதை இலங்கையார் வகையீட்டுச் சமன்பாடு என்பர். இரண்டையும் அறிந்து, ஒன்றைத் தேர்ந்து, வகுப்பறையில் மாறாமல் வழங்குவது ஆசிரியர் கடமை. தீர்வு எது என்று தேடுமுன் தீர்வு உண்டா என்று கேட்பதே கணிதர் வழக்கம். தமிழைப் பற்றிய அவ்வினாவுக்கு, இன்று நீங்கள் மூங்கிலைப் பின்தொடர்ந்ததே விடை.