மலிவு டேப்பின் உண்மையான விலை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வாழ்க்கையில் ஜெயித்த கதை ஏதாவது சொல்லுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். அதைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் விரல் நீளமே உள்ள ஒரு கருவியைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். மரை அடிக்கிற டேப். அதிலும் விலை மலிவான டேப்.

புதிதாகப் பட்டறை வைக்கிற பையன்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது: "சார், மலிவு டேப் வாங்கலாமா, கூடாதா?" இன்றைக்குக் கைபேசியைத் தட்டினால் 40 துண்டு டேப்-டை செட் வாசலுக்கே வந்துவிடுகிறது. அடிசன், டோட்டம் போன்ற பெயருள்ள டேப் ஒன்றின் விலையையும் அந்த செட்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். என் பதில்: என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தால் வாங்கலாம்.

முதலில் உலோகம். மலிவு செட்டுகளில் பெரும்பாலும் வருவது கார்பன் ஸ்டீல். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் கடினம் இறங்க ஆரம்பிக்கும். எச்.எஸ்.எஸ். என்கிற ஹை ஸ்பீட் ஸ்டீல் 500 டிகிரிக்கு மேலும் தாங்கும். எம்2 ரகத்தில் சுமார் 6 சதவீதம் டங்ஸ்டன், 5 சதவீதம் மாலிப்டினம், 4 சதவீதம் குரோமியம், 2 சதவீதம் வனேடியம் இருக்கிறது. அந்தச் சரக்குக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

டேப்பின் தண்டில் எச்.எஸ்.எஸ். என்று அடித்திருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அரம் போட்டுப் பார்த்தாலும் தெரியாது. கார்பன் ஸ்டீலும் அரத்துக்கு வழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சதுர முனையைச் சாணைக்கல்லில் லேசாகத் தொடுங்கள். கார்பன் ஸ்டீல் என்றால் தீபாவளி மத்தாப்பு மாதிரி வெள்ளையாக வெடித்துக் கிளை பிரியும். எச்.எஸ்.எஸ். பொறி மங்கலான சிவப்பாக, கொஞ்சமாக, வெடிப்பில்லாமல் போகும். ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

இரண்டாவது, மரையை எப்படி உருவாக்கினார்கள் என்பது. நல்ல டேப்பில் கடினப்படுத்திய பிறகு மரையை கிரைண்டிங் செய்கிறார்கள். மலிவு டேப்பில் முதலில் மரையை வெட்டிவிட்டு, பிறகு சூட்டில் போடுகிறார்கள். சூட்டில் கொஞ்சம் கோணும், அளவு மாறும். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: கிரைண்டிங் செய்த பக்கம் பளபளப்பாக, விளிம்பு கத்தி போல இருக்கும். மற்றது மங்கலாக, சில இடத்தில் பிசிறோடு இருக்கும். பிசிறுள்ள டேப் வெட்டாது, கிழிக்கும்.

மூன்றாவது, அளவு. வாங்கியதும் ஒரு துண்டு எம்.எஸ். பிளேட்டில் மரை அடித்து, நல்ல போல்ட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கையால் சீராக இறங்கினால் சரி. லொட லொட என்று ஆடினால் டேப் பெரிது. பாதியில் இறுகினால் சிறிது. பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும்.

இனி, எங்கே எதைப் போடுவது? துருப்பிடித்த பழைய மரையைச் சுத்தம் செய்யவும், பித்தளை, அலுமினியத்தில் நாலைந்து ஓட்டை கையால் அடிக்கவும் கார்பன் ஸ்டீல் டேப் தாராளமாகப் போதும். கை வேகத்தில் அவ்வளவு சூடு ஏறாது. அதையே டிரில்லிங் மெஷினில் மாட்டினால் சீக்கிரம் மழுங்கிவிடும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மலிவு டேப்பை இறக்கவே கூடாது. மழுங்கின முனை வெட்டாமல் தேய்க்கும், தேய்த்த இடம் இன்னும் இறுகும், அடுத்த சுற்றில் டேப் படக்கென்று போய்விடும்.

எந்த டேப்பானாலும் டிரில் அளவு முக்கியம். விட்டத்தில் பிட்ச்சைக் கழியுங்கள்: எம்6-க்கு 5 மி.மீ., எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. "6.5 பிட்தான் இருக்குப்பா, அதையே போடு" என்று எம்8-க்குச் சொல்கிற பட்டறைகளில் எத்தனை டேப் வாங்கினாலும் பத்தாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போங்கள். எஃகுக்குக் கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். மலிவு டேப் 100 ரூபாய், நல்லது 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 40 ஓட்டையும் இரண்டாவது 300 ஓட்டையும் அடித்தால் எது மலிவு? முன்னது ஓட்டைக்கு இரண்டரை ரூபாய், பின்னது ஒரு ரூபாய். இதுகூடப் பெரிசில்லை. மரை அடிப்பது பெரும்பாலும் கடைசி வேலை. வார்ப்பு, மில்லிங், போரிங் எல்லாம் முடிந்து வந்த ஜாப்பில் டேப் முறிந்து உள்ளே நின்றால், அதுவரை போட்ட உழைப்பு அத்தனையும் அதோடு நிற்கிறது. பித்தளை ஜாப் என்றால் படிகாரம் கரைத்த சூடான தண்ணீரில் போட்டுவைத்து, உள்ளே இருக்கும் எஃகை மெல்லக் கரைக்கலாம். எஃகு ஜாப்புக்கு அந்த வழி கிடையாது. ஸ்பார்க் எரோஷன் மெஷினைத் தேடி ஓட வேண்டும். அதற்குக் கொடுக்கிற கூலியில் நல்ல டேப்பே வாங்கியிருக்கலாம்.

இதில் என் மனசுக்குக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. டேப் முறிந்தால் திட்டு வாங்குவது யார்? அதை வாங்கிய முதலாளி இல்லை, பயிற்சிக்கு வந்த பையன். "கை பழகலைடா உனக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுகிறார்கள். மெஷினைப் பார்த்தாலே கை நடுங்கிப்போய், இந்தத் தொழிலே வேண்டாம் என்று வேறு வேலைக்குப் போன நல்ல பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கையில் கொடுத்த டேப் எப்படிப்பட்டது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

பட்டறை வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் பட்டறையில் அதிகம் ஓடுகிற மூன்று அளவுகளுக்காவது கிரைண்டிங் செய்த எச்.எஸ்.எஸ். டேப் வாங்கிக் கொடுங்கள். அபூர்வமாக வருகிற மற்ற அளவுகளுக்கு மலிவு செட் இருந்துவிட்டுப் போகட்டும். மாணவத் தம்பிகளே, தங்கைகளே, டேப்பைக் கையில் வாங்கியதும் முனையைப் பாருங்கள், டிரில் அளவைக் கேளுங்கள். அது சரியில்லை என்றால் மரியாதையாக, ஆனால் தெளிவாக, "சார், இது இந்த ஜாப்புக்குத் தாங்காது" என்று சொல்லுங்கள். நான் மேலே சொன்ன சோதனைகள் கையில் இருந்தால் அதைக் காரணத்தோடு சொல்ல முடியும்.