விமானியும் விதைநெல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இச்சங்கத்து உறுப்பினருள் விமானம் ஓட்டிப் பிழைப்பவர்கள் நாங்கள் ஐவர். ஐவர் சார்பிலும் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை. விமானத்தில் நாங்கள் பேசும் பேச்சு, "உயரம் இவ்வளவு, வெளியே வெப்பம் இவ்வளவு" என்ற அளவில் முடிந்துவிடும். எனவே குற்றம் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விழாப் பந்தியில் அமர்ந்திருக்கும்போது, யாரேனும் ஒரு பெற்றோர் அருகில் வந்து தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பதுண்டு. "சார், பையன் பிளஸ் டூ முடிக்கப் போகிறான். பைலட் ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். சேர்க்கலாமா?" என்பார்கள். இப்போது பெண்ணைப் பற்றியும் அதே கேள்வி வருகிறது. விமானிகளுள் பெண்களின் விகிதம் உலகச் சராசரியைக் காட்டிலும் நம் நாட்டில் மிகுதி என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையே இக்கேள்விக்கு முழு விடை சொல்ல இயலாது. ஆதலால் அதை இன்று இந்த அவையில் சொல்ல முற்படுகிறோம்.

முதலில் சிறிது வரலாறு. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் பைகளோடு ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். இந்திய விமானத் தொழில் பிறந்தபோதே நம் சென்னைக்கும் அதற்கும் உறவு ஏற்பட்டுவிட்டது. நாம் குடியேறி வாழும் இந்த ஐதராபாத்துக்கும் அதில் பங்குண்டு. நிஜாம் அரசின் பங்குடன் 1945இல் தோன்றிய டெக்கான் ஏர்வேஸ் பேகம்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1953இல் அதுவும் வேறு ஏழு கம்பெனிகளும் நாட்டுடைமையாயின. உள்நாட்டுப் போக்குவரத்து இந்தியன் ஏர்லைன்ஸ் வசமாயிற்று. அதன்பின் நெடுங்காலம் விமானி உத்தியோகம் என்பது சர்க்கார் உத்தியோகம் போல நிலையான ஒன்றாக இருந்தது. நம்மிற் பலர் மனத்தில் இன்றும் பதிந்திருப்பது அந்தக் காலத்து விமானியின் உருவமே.

அக்காலம் மலையேறிவிட்டது. சிற்றூர்களை இணைப்பதற்காக 1981இல் வாயுதூத் தொடங்கப்பெற்றது. 1990களில் அது மறைந்தது. 1994இல் பழைய சட்டம் நீங்கித் தனியார்க்கு வழி திறந்தது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. எனப் பல பெயர்கள் தோன்றின. அப்பத்தாண்டு முடிவதற்குள் அவை யாவும் மறைந்தன. 2003இல் ஏர் டெக்கான் சிறு நகரங்களுக்குச் சிறு விமானங்களை ஓட்டிப் புதுவழி காட்டியது. அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2017இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், நம் ஊரிலேயே தளம் அமைத்திருந்த ட்ரூஜெட் 2022இலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் நின்றன. இப்பட்டியலைப் படிப்பது யாரையும் குறை கூறுவதற்கன்று. எங்கள் தொழிலின் பருவநிலை இத்தகையது என்று காட்டுவதற்கே.

சிறு நகரங்களுக்குப் பறக்கும் கம்பெனிகள் ஏன் இவ்வாறு தளர்கின்றன? அவற்றின் விமானம் பெரும்பாலும் சொந்தமன்று, வாடகைக்கு எடுத்தது. வாடகையை டாலரில் கொடுக்கவேண்டும். பயணியோ ரூபாயில் தருகிறார். எழுபது இருக்கை கொண்ட ஏ.டி.ஆர். விமானத்தில் இருபது இருக்கை காலியானால் அன்றைய இலாபம் போயிற்று. ஒரு விமானம் பழுதுற்றால் மாற்று விமானம் கிடையாது. 2016இல் அரசு வகுத்த உடான் திட்டம் சிற்றூர்ப் பயணத்துக்கு உயிரூட்டியது. இருக்கைகளில் ஒரு பகுதிக்குக் கட்டண வரம்பு வைத்து, அதனால் வரும் நட்டத்தை ஈடுசெய்ய மூன்றாண்டு மானியமும் அளித்தது. ஆனால் மானியக் காலம் முடிந்தபின்னும் பயணிகள் பெருகாத தடங்கள் பல நின்றுவிட்டன. தடம் நின்றால் விமானம் திரும்பிப் போகும். விமானம் போனபின் விமானிக்கு அங்கே என்ன வேலை?

இனி, ஒருவர் விமானி ஆகும் வழியைப் பார்ப்போம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறவேண்டும். பதினெட்டு வயது நிறையவேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். 200 மணி நேரம் பறந்து, தேர்வுகள் எழுதி, வணிக விமானி லைசென்ஸ் பெறவேண்டும். அதன்பின் ஏ.டி.ஆர். அல்லது ஏர்பஸ் போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான தனிப் பயிற்சி. இவை யாவற்றுக்கும் பல பத்து இலட்சம் ரூபாய் ஆகும். நம்மவர் பலர் ஊரிலுள்ள வீட்டையோ நிலத்தையோ அடகு வைத்தே இத்தொகையைத் திரட்டுகிறார்கள். இவ்வளவும் முடித்த பிள்ளைக்குக் கையில் லைசென்ஸ் இருக்கும்; வேலை இருக்கும் என்பது உறுதியில்லை. கம்பெனிகள் ஆள் எடுக்கும் காலத்தில் நூற்றுக்கணக்கில் எடுக்கும். எடுக்காத காலத்தில் ஆண்டுக்கணக்கில் கதவைத் திறவா. பிள்ளை படித்து முடிக்கும் ஆண்டு எந்தக் காலத்தில் அமையும் என்று சோதிடரும் சொல்ல இயலாது.

வேலை கிடைத்தபின்னும் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளவேண்டும். முதலாவது சீனியாரிட்டி. பாங்கியில் பத்தாண்டு பணிபுரிந்த அதிகாரி வேறு பாங்கிக்குச் சென்றால் அதற்கேற்ற பதவியைக் கேட்டுப் பெறலாம். விமானியோ புதுக் கம்பெனியில் சேரும்போது பெரும்பாலும் வரிசையின் கடைசியில் நிற்கவேண்டும். காப்டனாக இருந்தவர் மீண்டும் துணை விமானி இருக்கையில் அமர்வதும் உண்டு. வேறு வகை விமானம் என்றால் மீண்டும் பயிற்சி. விலகும் வழியும் எளிதன்று. 2017ஆம் ஆண்டு விதிப்படி காப்டன் விலகுவதற்கு ஓராண்டு முன்னறிவிப்பும், துணை விமானி ஆறு மாத முன்னறிவிப்பும் தரவேண்டும். பயணிகளின் நலன் கருதி அமைந்த விதி அது. ஆயினும் கம்பெனி நிற்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும் என்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது, எங்கள் திறமை வாடும் தன்மையுடையது. லாக் புத்தகத்தில் எழுதிய மணிகளை யாரும் பறிக்க முடியாது; ஆனால் அம்மணிகள் மட்டும் போதா. தொண்ணூறு நாட்களுக்குள் மூன்று முறையேனும் ஏற்றி இறக்காத விமானி, அப்பயிற்சியை மீண்டும் முடிக்காமல் பயணிகளை ஏற்றிச் செல்லலாகாது. ஆண்டுக்கு இருமுறை சிமுலேட்டர் என்னும் மாதிரி விமானத்தில் தேர்வு உண்டு. மருத்துவச் சான்றைக் காலந்தோறும் புதுப்பிக்கவேண்டும். வேலையில் இருக்கும்வரை சிமுலேட்டர்ச் செலவைக் கம்பெனி ஏற்கும். வேலை போனபின் அதை யார் ஏற்பார்? 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டு விமானங்கள் நின்றபோது, வீட்டில் அடைபட்டிருந்த விமானிகள் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணியதற்கு இதுவே காரணம்.

இங்கே எங்கள் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஐவரில் மூவர் ஒரு சிறு கம்பெனியில் ஒன்றாகப் பணிபுரிந்தோம். அதன் பெயர் வேண்டாம். அது இன்று இல்லை. முதலில் சம்பளம் பத்து நாள் தாமதமாயிற்று. பிறகு ஒரு மாதம், பிறகு இரண்டு மாதம். "அடுத்த வாரம் பணம் வருகிறது" என்றார்கள், நம்பினோம். ஒருநாள் மாலை இறங்கியபோது, மறுநாள் வரவேண்டாம் என்ற செய்தி கைப்பேசியில் காத்திருந்தது. சில நாட்களில் வாடகைக்குக் கொடுத்தவர்கள் விமானங்களைக் கொண்டு சென்றார்கள்.

அதன்பின் பதினொரு மாதம் வேலையில்லை. மூவரிடமும் சிறு சேமிப்பு இருந்தது. இருவர் அதை வீட்டுக் கடன் தவணைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் செலவிட்டோம். குடும்பத் தலைவன் செய்யத்தக்கதைத்தான் செய்தோம். அதில் பிழை காண முடியாது. மூன்றாமவர் மட்டும், மருத்துவச் சான்றுக்கும் சிமுலேட்டர்த் தேர்வுக்கும் ஆகும் தொகையைத் தனியே ஒரு கணக்கில் போட்டு, அதைத் தொடுவதில்லை என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் நகை அடகுக்குப் போயிற்று, அக்கணக்கு அசையவில்லை. பன்னிரண்டாம் மாதம் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. நடப்பில் உள்ள தகுதிச் சான்று வேண்டும் என்றார்கள். மூவரில் அவருக்கு மட்டுமே அது இருந்தது. மற்ற இருவரும் கடன் வாங்கித் தகுதியைப் புதுப்பித்து, உள்ளே நுழைய மேலும் ஐந்து மாதம் சென்றது. அந்த ஐந்து மாதத்தில் சேர்ந்தவர்கள் அனைவரும் சீனியாரிட்டியில் இன்றுவரை எங்களுக்கு முன்னே நிற்கிறார்கள்.

அவரிடம் இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். அவர் இராமநாதபுரத்து மானாவாரி விவசாயியின் மகன். "வானத்தை நம்பி விதைக்கிறவர்கள் நாங்கள். மழை பொய்த்தால் அரைவயிறு உண்போம். விதைநெல்லை மட்டும் குத்தமாட்டோம். அப்பா சொல்லித் தந்தது அவ்வளவுதான்" என்றார். ஆகாயத்தை நம்பி வாழ்வதில் விமானியும் மானாவாரி விவசாயியும் ஒரே சாதி என்று அன்று உணர்ந்தோம்.

ஆகவே பெற்றோர்க்கு எங்கள் விடை இது. பிள்ளைக்கு உண்மையான விருப்பம் இருப்பின் தடுக்கவேண்டாம். ஆனால் ஒரு காசு கட்டுவதற்கு முன் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். கண்ணோ காதோ தடையாகுமெனில் அப்போதே தெரிந்துவிடும். குடியிருக்கும் ஒரே வீட்டை அடகு வைக்காதீர்கள். குறிப்பிட்ட விமானத்துக்கான பயிற்சியை வேலை உறுதியாகாமல் சொந்தப் பணத்தில் அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஏர்பஸ் பயிற்சி பெற்றவரை ஏ.டி.ஆர். கம்பெனி அதற்காக அழைக்காது. ஒரு பட்டப்படிப்பை அஞ்சல் வழியாகவேனும் முடிக்கச் செய்யுங்கள். வேலை கிடைத்த முதல் மாதத்திலிருந்தே, ஓராண்டு தகுதியைக் காப்பதற்கு வேண்டிய தொகையை விதைநெல்லாக ஒதுக்கச் சொல்லுங்கள். உடல்நலம் குன்றி லைசென்ஸ் இழந்தால் உதவும் காப்பீடும் உண்டு, அதையும் மறவாதீர்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அந்தப் பதினொரு மாதமும் நாங்கள் மூவரும் இச்சங்கத்தின் வாசலை மிதிக்கவில்லை. சந்தா பாக்கி என்பது சாக்கு. "இன்னும் வேலை கிடைக்கவில்லையா?" என்ற கேள்விக்கு அஞ்சியே வரவில்லை. ஒருநாள் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எங்களுள் ஒருவரின் வீட்டுக்கு வந்தார். வேலையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "பேரனுக்குக் கணக்கு வரவில்லை, தம்பி. மாலையில் கொஞ்சம் சொல்லித் தருகிறாயா?" என்றார். ஒரு பேரன் ஆறு பிள்ளைகளானான். புதுப்பித்தற்கு வாங்கிய கடனில் பாதி அந்தக் கணக்குப் பாடத்தால் அடைந்தது. அப்பெரியவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்பதால் சொல்லவில்லை.

அவர் தனி ஒருவராகச் செய்ததைச் சங்கம் முறையாகச் செய்யலாம். வேலை இழந்த உறுப்பினர் தம் தொழிற்சான்றைப் புதுப்பித்துக்கொள்ள வட்டியில்லாக் கடன் தரும் சிறு நிதி ஒன்றை ஏற்படுத்துங்கள். விமானிக்கு மட்டுமன்று, செவிலியர், ஓட்டுநர், பொறியாளர் எவருக்கும் அது உதவட்டும். முதல் தவணையாக எங்கள் ஐவரின் ஒருமாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை இன்றே செயலாளரிடம் ஒப்படைக்கிறோம்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு மழை எப்போது பொய்க்கும் என்று தெரியாது. ஒருவர் வீட்டு விதைநெல் குறைந்தால் மற்றவர் குதிரிலிருந்து கொடுப்போம்.