துயரக் காட்சியில் காமிரா நிற்குமிடம்



நமது காலனியைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தமது படிப்பின் பொருட்டுப் பத்து நிமிடப் படமொன்று எடுக்க முனைந்திருக்கிறார். கதை நிகழும் இடம் விழிஞ்ஞம். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் சிக்கிய மகனின் உடலை, தாய் அடையாளம் காணும் காட்சியே அதன் உயிர்நிலை. அதனை எவ்வாறு படமாக்கலாம் என்று நம்மிடம் வினவினார். பார்சல் ஆபீஸில் ரசீது எழுதுகிறவர்களுக்குக் காமிராவைப் பற்றி என்ன தெரியும் என்பீர்கள். படம் பார்க்கத் தெரியுமல்லவா! அவருடன் அமர்ந்து இரண்டு படங்களை மீண்டும் பார்த்தோம்.

முதலாவது, ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960). அதில் வரும் குளியலறைக் கொலை ஒரு நிமிடங்கூட நீடிப்பதில்லை. அதற்காகக் காமிராவை 78 நிலைகளில் வைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் படம்பிடித்தார்கள். இரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படமாதலால் குறை தெரியவில்லை. கத்தி, கை, முகம் என்று காட்சிகள் நொடிக்கு நொடி மாறுகின்றன. குத்தினதை நமது மனமே கூட்டிக்கொள்கிறது. திறமைதான். ஆயினும் அது திகிலுக்கு உரிய முறை. துயரத்திற்கு ஒவ்வாது என்பது நமது துணிபு.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) வேறு வழியில் செல்கிறது. மகள் இறந்ததை அறியாமல் ஊர் திரும்பிய தந்தை, அவளுக்கென வாங்கிய சேலையை மனைவியிடம் நீட்டுகிறார். அவள் கதறுகிறாள், கதறல் நம் செவிக்கு எட்டுவதில்லை. அவ்விடத்தில் தார் ஷெனாய் என்னும் நரம்புக் கருவி உச்ச ஸ்தாயியில் அலறுகிறது. அழுகுரலையே கேட்டிருந்தால் இவ்வளவு தாக்கியிராது.

மாணவரின் முதல் யோசனை வேறாக இருந்தது. கரையில் நிற்கும் உண்மைத் தாய்மார்களின் முகங்களை, அவர்கள் அறியாமல், தொலைவிலிருந்து டெலி லென்ஸ் கொண்டு பிடித்து இடையில் சேர்த்துவிடலாம் என்றார். நாம் கண்டிப்பாக மறுத்தோம். விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும், நமது குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்திலும், போனவர் திரும்பாத வீடுகள் உள்ளன. மரபணுச் சோதனையால்தான் பல உடல்கள் இன்னாருடையவை என்று தெரிந்தன. அத்துயரைக் கேளாமல் எடுப்பது களவன்றி வேறென்ன?

இப்போது காட்சி மாறியிருக்கிறது. தாயாக வருபவர் ஒரு நடிகை. காமிரா அவர் முதுகுக்குப் பின்னே, கண்மட்டத்தில், அசையாது நிற்கும். உடல் துணியால் மூடப்பட்டிருக்கும். சட்டையில் தாம் தைத்துக்கொடுத்த பொத்தானை அவர் விரல் தடவுவது மட்டும் அண்மையில் தெரியும். மின்விசிறி ஓசை தவிர வேறு ஒலியில்லை.

கதையை விழிஞ்ஞத்து வீடுகள் இரண்டில் படித்துக்காட்ட மாணவர் வரும் ஞாயிறன்று செல்கிறார். அவர்கள் வேண்டாமென்றால் அக்கரையில் காமிரா இறங்காது.